பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரி இருக்கிறது

புதுச்சேரியின் சுற்றுலாவையும் சாலைகளையும் பழைய கட்டடங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

காந்தி சிலையில் ஆரம்பிக்கிற ஊர்சுற்றல் செஞ்சி சாலையைத் தொட்டதும் திரும்பி விடுகிறது. நடைபாதை, நிழல் மரம், மாலை விளக்கு, வண்டித் தடை எல்லாம் அதற்குக் கிழக்கே. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஆம்பூர் சாலைக்கு வந்துவிட்டால், பழைய ஊரைச் சுற்றி ஓடும் அதே புல்வார் சாலைக்குள், அதே பழைய நகரத்துக்குள், திண்ணையில் மீட்டர் பெட்டியும் தாழ்வாரத்தில் இருசக்கர வண்டியும் முகப்பை மறைத்து மின்மாற்றியும் நிற்கின்றன. கடற்கரையிலிருந்து வாய்க்கால் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த அரைக் கிலோமீட்டரைத்தான் புதுச்சேரி என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மீதியைக் கேட்பாரில்லாமல் விட்டதில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் சில வீடுகள் போகின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

"பிரெஞ்சு நகரம்" என்று பலகையில் எழுதுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்க்கவேண்டும். செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் நேர்க்கோட்டு வீதிகளை எல்லோரும் பிரெஞ்சுக்காரர் திட்டம் என்கிறார்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் அது. திரும்ப வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதன்மேல்தான் கட்டினார்கள். அவர்கள் கட்டியதையும் 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு 1765 முதல் மறுபடி எழுப்பியதுதான் இன்று கிழக்கே நாம் பார்க்கும் ஊரின் அடிப்படை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே நடந்த வீதி என்று கூட்டிப்போகிறவர்கள், துய்ப்ளே பார்த்த சுவர் அங்கே ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும்.

துய்ப்ளே காலத்துக் கட்டடம் வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டவேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மேற்கே, அவர் பெயரிலேயே உள்ள வீதியில், பெரிய மார்க்கெட்டின் சந்தடியில் இருக்கிறது. 1738-இல் முடிந்ததாகக் குறிக்கப்படும் அது, ஊரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. கீழே மரத்தூண் வைத்த தமிழ் வீடு, மேலே செங்கல் தூண் நிறுத்திய பிரெஞ்சு மாடி. ஆளுநருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவரின் வீடு. வேறு எந்த ஊராக இருந்தாலும் சுற்றுலா இந்த வாசலில்தான் தொடங்கும். இங்கே முன்கூட்டிச் சொல்லி வைக்காமல் உள்ளே போக வழியில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

கிழக்கேயே கூட எழுதியிருப்பது பாதிதான். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்பது மூன்றாம் நெப்போலியன் காலத்து மண்டபம். அது தாங்கும் பெயர், தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிக் கொடுத்ததாக ஊர் சொல்லும் ஆயி என்ற பெண்ணுடையது. முத்திரைப்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததன் நினைவு அது. வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதியில் ஆங்கில எழுத்தில் 'கால்வே காலேஜ்' என்று படித்து அதை ஒரு பிரெஞ்சுத் துரையின் பெயர் என்று நினைக்காத பயணி குறைவு. 1877-இல் அதை நிறுவியவர் கலவை சுப்பராயச் செட்டியார். கலவை என்பதைப் பிரெஞ்சில் எழுதினால் அப்படி ஆகிறது. அதே வீதியில் பெரிய மாதா கோயிலை ஊரார் சம்பா கோயில் என்பார்கள். சாம் போல், அதாவது புனித பவுல், நம் வாயில் சம்பா ஆனது. அதன் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதைப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவும் பத்து நிமிட நடைக்குள் இருக்கிறது. இதைப் பலகையில் எழுதாமல் "அழகிய காலனியக் கட்டடக் கலை" என்று ஒற்றை வரியில் முடிப்பது சோம்பேறித்தனம் என்றே சொல்லவேண்டும்.

இப்போது வீடுகளுக்கு வருவோம்.

மேற்கே வைசியாள் வீதி உங்களுக்கே தெரிந்த உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், 2000-களின் தொடக்கத்தில், அந்த வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வரிசையில் அதற்கும் ஒன்று கிடைத்தது. அங்கே நின்று பார்த்தால் தமிழ் வீட்டின் அமைப்பு தெருவிலிருந்தே புரிகிறது. முதலில் மரக்கால் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். அது தெருவில் போகிற யாருக்கும் ஒதுங்க இடம். அடுத்து திண்ணை, அது வீட்டுக்காரரும் வந்தவரும் உட்கார. பிறகு கதவு, ரேழி, முற்றம். மாடி வைத்த வீடானால் மேலே மட்டும் வளைவு ஜன்னல், இரட்டைப் பட்டைத்தூண், கைப்பிடிச் சுவரில் குட்டித் தூண் வரிசை. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இந்தக் கலப்பு வேறு ஊரில் வீதி வீதியாகக் கிடைக்காது. கிழக்கே இருக்கிற உயரமான மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம் என்ற அமைப்பைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட வேறு ஊர்களிலும் பார்த்துவிடலாம்.

தாழ்வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். வரிசையாக இருந்தபோது சித்திரை வெயிலிலும் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிழலிலேயே நடக்கலாம். நீங்கள் கிரானைட் பதித்து அமைக்கிற நடைபாதை செய்யாத வேலையை அது காசில்லாமல் செய்தது. சாலை அகலத்தை வரைபடத்தில் அளந்தால் தாழ்வாரம் நிற்பது பொது இடம். அதனால் சாக்கடை கட்டும்போதும் சாலை விரிக்கும்போதும் முதலில் வெட்டுவது அதைத்தான். ஒரு வீட்டில் வெட்டினால் தொடர்ச்சி போயிற்று. தொடர்ச்சி போனதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்கைக் கம்பிக் கதவு போட்டு வண்டி நிறுத்த வைத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசே அதை ஆக்கிரமிப்பு என்று எண்ணும்போது அவர் எதற்குப் பொதுவாக விட்டுவைப்பார்?

அடுத்தது சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ஒரு முறைக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் ஐந்து முறையில் 200 மில்லிமீட்டர், எட்டு அங்குலம். வாசல்படி ஒன்றின் உயரம் ஆறேழு அங்குலம்தான். அதாவது ஐந்து முறை தார் போட்டால் ஒரு படி மண்ணுக்குள் போய்விடுகிறது. மூன்று படி ஏறிப் போன வீடு இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் ஐப்பசி மழைத் தண்ணீர் திண்ணைக்கு ஏறி முற்றத்தில் நிற்கிறது. முற்றத்துத் தூம்பு தெருச் சாக்கடையைவிடப் பள்ளத்தில் இருந்தால் தண்ணீர் வெளியே போகாது, சாக்கடை உள்ளே வரும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் அடியில் ஊறினால் ஈரம் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏறும். கடல் உப்பும் அதனோடு சேர்ந்து ஏறிச் சுவரைப் பொரிய வைக்கும்.

பொரிகிற சுவரைப் பார்த்ததும் வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரரும் செய்கிற முதல் தப்பு, சிமென்ட் பூசுவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபடுகிறது. உள்ளே உப்பு படிகமாகி, இரண்டு மூன்று மழைக்குள் சிமென்ட் பூச்சு பலகை பலகையாக, பழைய செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. பார்க்கிறவர் "பழைய கட்டடம், இனித் தாங்காது" என்கிறார். தாங்காமல் போனது நேற்றுப் பூசிய பூச்சினால்.

மெட்ராஸ் டெரஸ் கூரையின் கதையும் இதுதான். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகச் சட்டங்கள், சட்டங்கள்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இது ஒழுக ஆரம்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, தூம்பு அடைத்துத் தண்ணீர் தேங்குவது. இன்னொன்று, கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று வேர்விடுவது. அப்போதே கவனித்தால் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இரண்டு நாளில் முடித்துவிடுகிற வேலை. கவனிக்காவிட்டால் தண்ணீர் சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனியைத் தேடிப் போகும். நுனி மக்கும், கறையான் வரும், கூரை தொங்கும். ஒழுகலை நிறுத்த மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போடுவது நோயாளியின் நெஞ்சில் அம்மிக் கல்லை வைப்பதுபோல. பாரம் கூடுகிறது, மக்கிய நுனி அப்படியே இருக்கிறது.

அரசுக் கட்டடத்துக்கே இது நடந்திருக்கிறது. மேரி கட்டடம், அதாவது பழைய நகர மன்றம் (மாதா பெயர் என்று நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு), 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அதற்கு உலக வங்கி நிதி வந்தது, கடலைப் பார்த்து நிற்பதால் நாடே கவனித்தது. வாய்க்காலுக்கு மேற்கே ஒரு செட்டியார் வீடோ முதலியார் வீடோ முஸ்லிம் வீதிகளில் ஒரு மாடி வீடோ விழுந்தால் எந்த வங்கியும் வராது. அந்த இடத்தில் கீழே கடை, மேலே நாலு மாடி, முகப்பில் அட்டைக் கொடுங்கையும் மஞ்சள் பெயின்டும் வரும். மஞ்சள் அடித்ததால் மட்டும் ஒன்றும் பிரெஞ்சு ஆகிவிடாது என்பதைக் கட்டட அனுமதி கொடுக்கிறவர்களாவது அறிந்திருக்கவேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உங்கள் பக்கத்திலிருந்து வரும்: மேற்கே மக்கள் குடியிருக்கிறார்கள், நெரிசல் அதிகம், பயணிகளை அங்கே திருப்பினால் தொந்தரவு. நியாயமான பயம்தான். கிழக்கே துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதிகளில் என்ன ஆயிற்று என்று பார்க்கிறோமே. எத்தனையோ வீடுகள் விடுதியும் காப்பிக் கடையுமாகிவிட்டன. வார இறுதியில் கதவுக்கு முன்னால் வரிசை கட்டிப் படம் எடுக்கிறார்கள், ராத்திரி பதினொன்றுக்குப் பாட்டுச் சத்தம். மேற்கையும் அப்படி ஆக்கச் சொல்லவில்லை. காரில் வந்து இறங்கிப் படம் எடுத்துப் போகிற கூட்டம் வேண்டாம். காலையில் நடந்து வந்து, வீட்டுக்காரரிடம் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்துக் கடையில் காப்பி குடித்துப் போகிற பத்துப் பேர் போதும்.

அந்த நடை எப்படி இருக்கலாம் என்றும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அச்சடித்த வரைபடங்கள் பலவற்றில் வரிசை தப்பாக இருக்கிறது. காலை ஆறரைக்குக் கடற்கரையில் தொடங்கவேண்டும். கிழக்கு முகப்புகளில் அப்போதுதான் வெயில் விழும். 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், முட்டை சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன 1855-ஆம் ஆண்டு மாதா கோயில், பூங்கா, ஆயி மண்டபம், மணக்குள விநாயகர். இதற்கு ஒன்றேகால் மணி நேரம். எட்டு மணிக்குள் வாய்க்காலைத் தாண்டிவிடவேண்டும், கடை திறந்து சரக்கு வண்டி வருவதற்கு முன். பிள்ளை மாளிகை, சம்பா கோயில், கலவைக் கல்லூரி, வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் நினைவில்லம், நேரம் இருந்தால் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் இல்லம். 1908 முதல் பத்தாண்டு பாரதி இந்த ஊரில் இருந்தார். ஆங்கிலேயர் கைக்கு எட்டாத பிரெஞ்சு மண் என்பதால்தான் வந்தார். பிரெஞ்சு ஆட்சி தமிழுக்குச் செய்த ஒரே நன்மை எது என்று கேட்டால் இதைச் சொல்லலாம். ஆக மூன்று மணி நேரம், நாலு கிலோமீட்டருக்குள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியைத் தவிர்க்கவேண்டும், சண்டே மார்க்கெட் துணிக்குவியலில் ஒரு முகப்பும் தெரியாது.

இந்த நடையில் ஒவ்வொரு முறையும் ஆட்கள் தயங்கி நிற்கிற இடம் வாய்க்கால்தான். நாற்றம். மழைநீருக்கு வெட்டிய வாய்க்காலில் கழிவுநீர் ஓடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு ஊரின் வெள்ளைப் பாதியையும் கறுப்புப் பாதியையும் பிரித்த கோடு அது. பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள், 1962-இல் சட்டப்படியும் போனார்கள். கோடு மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது, 'ஒயிட் டவுன்' என்ற பெயரோடு.

எனவே கேட்பது இவை.

'ஒயிட் டவுன்' என்ற சொல்லை அரசுப் பலகை, வரைபடம், விளம்பரம் எதிலும் இனிப் போடாதீர்கள். விடுதிக்காரர்கள் போடுவதை நிறுத்த முடியாது, நீங்கள் நிறுத்தலாம். அதோடு, மேலே சொன்ன இடங்களில் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புதுப் பலகை வையுங்கள். ஆண்டு, கட்டியவர், இடித்தவர் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

புல்வாருக்குள் எந்த வீதியிலும் பழைய தாரை அதே தடிமனுக்குச் சுரண்டி எடுக்காமல் புதுத் தார் போடக்கூடாது என்று ஒப்பந்தப் படிவத்திலேயே சேருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாசல்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி, அந்தத் தாளை வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

தாழ்வாரத்தை ஆக்கிரமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து, மரபு அமைப்பு என்று அறிவியுங்கள். அதற்குப் பதிலாக, நடக்க வழிவிட்டு, கம்பிக் கதவு போடாமல் வைத்திருக்கவேண்டும் என்று வீட்டுக்காரருக்கு நிபந்தனை வையுங்கள். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குகிற ஏற்பாடாக இருந்தால்தான் நிற்கும்.

வீட்டுக்காரர்களுக்கான உதவி முகப்போடு முடியக்கூடாது. முகப்புக்கு வெள்ளை அடித்து உள்ளே உத்திரம் மக்கிக் கிடந்தால் அது நாடகத் திரைதான். கூரைக்கும் தூம்புக்கும் முதலில் கொடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் ஆண்டுதோறும் கிடைக்கவேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டியது. ஒரு தடவை பெரிய நிதி வந்து, பிறகு பதினைந்து ஆண்டு ஒன்றும் இல்லாத திட்டத்தால் வீடு நிற்காது. நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், அரைவைச் செக்கு இவற்றை ஒரே இடத்தில் வைத்து நியாய விலைக்குக் கொடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

பழைய வீடுகளின் பட்டியலைக் கோப்பில் வைக்காமல் வீதி, கதவெண் வாரியாக வெளியிடுங்கள். இடிக்க விண்ணப்பம் வந்தால் 30 நாள் அந்த வீட்டு வாசலிலேயே அறிவிப்பு ஒட்டுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் உரிமையாளர்களோடு பேசி, வாரத்தில் இரண்டு காலையாவது, முறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாமல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சீட்டுக் காசு பராமரிப்புக்கே போகட்டும்.

வைசியாள் வீதியில் சனி, ஞாயிறு காலை 6 முதல் 10 வரை வண்டியை நிறுத்திப் பாருங்கள். மூன்று மாதம் போதும். குடியிருப்பவர்களைக் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

வாய்க்காலில் கழிவுநீர் சேருகிற குழாய்களை எண்ணி, எத்தனை, எந்த வீதியில், எப்போது அடைப்பீர்கள் என்று தேதியோடு வெளியிடுங்கள். மேலே பலகை போட்டு மூடுவதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள்.

இவற்றில் பலவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஒன்றுக்குப் பிடிக்காது: ஐப்பசிக்கு முன்னால், உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பழைய கட்டடத்தின் மாடிக்கும் ஒரு ஆளை அனுப்பித் தூம்பைத் திறக்கச் சொல்லுங்கள், அரசங்கன்றை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டடம், எந்தத் தேதி, யார் ஏறினார் என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஊரை நடந்து காட்டுகிறவர்கள்
புதுச்சேரி